முகாம்ல பிறந்த நண்பனுக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா, ரெண்டு நாட்டு நட்பு அவனுக்கு உதவுமா?

தம்பி, நீங்க கேட்டதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. சேலத்துல இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கறீங்க. கூடப் படிக்கற நண்பர் தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம்ல 2003ல பிறந்து அங்கயே வளர்ந்தவர். கேம்பஸ்ல செலக்ட் ஆகி, அப்புறம் பாஸ்போர்ட் கேட்டு, இல்லைன்னதும் கம்பெனி ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கிச்சு. இந்தியாவும் இலங்கையும் நட்பு நாடுங்கதானே, மனித உரிமை மனித உரிமைன்னு ரெண்டும் பேசுதே, அப்புறம் ஏன் இப்படி, இது உரிமை மீறல் இல்லையான்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில, "இது நாட்டுக்கு நாடு விவகாரம், நீ உள்ள போகாத, போலீஸ் கேஸ் ஆயிடும்"னு உங்க மாமா சொல்றதாவும், ஒதுங்கிக்கணுமான்னும் கேட்டிருக்கீங்க. எனக்குப் பட்டது, நீங்க நிஜமா கேக்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான். மேல இருக்கற ரெண்டுக்கும் பதில் சொல்லாம அதுக்கு வர முடியாது, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் சேலம் கோர்ட்ல வக்கீல். சிவில் கேஸ்தான் பொழப்பு, ஆனா ரொம்ப வருஷமா முகாம் ஜனங்களோட பிறப்புச் சான்றிதழ், பேர் திருத்தம், காலேஜ் அட்மிஷன் மாதிரி பேப்பர் வேலைகளையும் பார்த்துட்டு வர்றேன். ஹைகோர்ட்ல குடியுரிமை கேஸ் நடத்தற ஆள் நான் இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோங்க. சட்டத்துல இருக்கறது எது, ஆபீசுக்கு ஆபீஸ் மாறறது எது, என் சொந்த அபிப்பிராயம் எதுன்னு பிரிச்சே சொல்றேன்.

சந்தேகமே இல்லாததுலேர்ந்து ஆரம்பிக்கலாம். 1955ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தோட 3வது பிரிவுதான் பிறப்பால வர்ற குடியுரிமையைச் சொல்லுது. 1950 ஜனவரி 26லேர்ந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இந்தியாவுல பிறந்தவங்க, அப்பா அம்மா எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் (தூதரக ஆளுங்க மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர) இந்தியக் குடிமக்கள். 1987 ஜூலை 1லேர்ந்து 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி பிறந்திருந்தா, பிறந்த சமயத்துல அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருந்திருக்கணும். அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு இன்னும் இறுக்கம், ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் இன்னொருத்தர் சட்டவிரோதமா குடியேறினவரா இருக்கக் கூடாது. உங்க நண்பர் 2003, நடு வரிசையில வர்றார். அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கைக் குடிமக்கள்னா, இங்க பிறந்தார்ங்கற ஒரே காரணத்தால அவர் இந்தியர் ஆக மாட்டார். கஷ்டமான பதில்தான், ஆனா சட்டம் இன்னிக்கு அப்படித்தான் இருக்கு.

ஆனா ஒரு நிமிஷம். "அப்பா அம்மா இலங்கைக்காரங்க"ன்னு நீங்க ஒரே வரியில முடிச்சுட்டீங்க. ரெண்டு பேரும் எங்க பிறந்தாங்க, எப்போ பிறந்தாங்கன்னு கேட்டீங்களா? 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் முதல் அலையா வந்தவங்களுக்கு 84, 85, 86ல இங்கயே, மண்டபம் முகாம்லயும் மத்த ஊர்லயும் குழந்தைங்க பிறந்திருக்கு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் சில குடும்பங்க ஊருக்குத் திரும்பிப் போச்சு, 1990ல சண்டை மறுபடி வெடிச்சதும் அதே குடும்பங்க அந்தக் குழந்தைங்களையும் தூக்கிட்டு மறுபடி வந்துச்சு, பதிவேட்டுல எல்லாரையும் இலங்கைன்னே எழுதிட்டாங்க. உங்க நண்பரோட அம்மா அப்படி 1985ல இங்க பிறந்தவங்களா இருந்தா அவங்க பிறப்பாலயே இந்தியர், அப்போ 2003ல பிறந்த பையனும் பிறப்பாலயே இந்தியர். அம்மாவுக்கு அப்போ வயசு ரொம்பக் கம்மியா இருக்குமேன்னு தோணும், முகாம்ல பதினெட்டு பத்தொம்பதுல கல்யாணம் ஆனவங்க நிறையப் பேர் இருக்காங்க. இது நடக்காத காரியம் இல்ல. 1986ல மண்டபம் முகாம்ல பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்த ஒரு பெண்மணிக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டுச்சு, 2024 எலெக்ஷன்ல அவங்க ஓட்டும் போட்டாங்க. பிறந்த தேதி ரெண்டு வருஷம் தள்ளிப் போயிருந்தா அந்தத் தீர்ப்பு வந்திருக்காது. அதனால நான் எந்தக் குடும்பம் வந்தாலும் பையனோட பேப்பரை அப்புறம் பார்ப்பேன், அப்பா அம்மா பேப்பரைத்தான் முதல்ல கேப்பேன்.

இந்த வழி இல்லைன்னா, விண்ணப்பம் போட்டு குடியுரிமை வாங்கற வழிதான் மிச்சம். அது 2003ல வந்த திருத்தத்தால அடைபட்டுக் கிடக்கு. சரியான பயணப் பத்திரம் இல்லாம வந்தவங்களையும், விசா முடிஞ்சும் தங்கினவங்களையும் சட்டவிரோதக் குடியேறின்னு அந்தச் சட்டம் சொல்லுது, அவங்க பதிவு மூலமாவோ இயல்புரிமை மூலமாவோ விண்ணப்பிக்க முடியாது. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு படகுல ராமேஸ்வரம் வந்த ஜனங்க பாஸ்போர்ட்ல முத்திரை குத்திட்டா வந்திருப்பாங்க? 2019 சட்டத் திருத்தத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுலேர்ந்து வந்த ஆறு மதத்துக்காரங்களுக்கு விதிவிலக்கு கொடுத்தாங்க, இலங்கை அந்தப் பட்டியல்ல இல்ல. 2025 செப்டம்பர்ல புதுக் குடியேற்றச் சட்டம் வந்தப்போ, 2015 ஜனவரி 9ம் தேதி வரைக்கும் இங்க வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லைங்கறதுக்காக தண்டனை கிடையாதுன்னு ஒரு விலக்கு ஆணை போட்டாங்க. அது நல்லது, பெரிய நிம்மதி. ஆனா அதனால சட்டவிரோதக் குடியேறிங்கற முத்திரையும் போயிடுச்சா, குடியுரிமைக்குக் கதவு திறந்துடுச்சாங்கறதுல வக்கீலுங்களுக்குள்ளயே ஒருமித்த கருத்து இல்ல. என்னைக் கேட்டா, வாதம் பண்றதுக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். யாராவது "இனிமே எல்லாருக்கும் சிட்டிசன்ஷிப் உறுதி"ன்னு பணம் கேட்டா நம்பாதீங்க.

சரி, இது மனித உரிமை மீறலா? 1948 டிசம்பர் 10ல ஐ.நா. ஏத்துக்கிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்துல 14வது பிரிவு துன்புறுத்தலுக்குத் தப்பி இன்னொரு நாட்டுல தஞ்சம் தேடற உரிமையைச் சொல்லுது, 15வது பிரிவு ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாட்டுக் குடியுரிமை உண்டுன்னு சொல்லுது. எந்த நாடு கொடுக்கணும்னு சொல்லல, சிக்கலே அங்கதான். பிரகடனம் ஒப்பந்தம் இல்ல, அதை வெச்சு நேரா கோர்ட்ல கேஸ் போட முடியாது. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்துலயும் 1967 நெறிமுறையிலயும் இந்தியா கையெழுத்துப் போடல, நாடற்றவங்களுக்கான 1954 ஒப்பந்தத்துலயும் இல்ல. ஆனா குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில 1979லயே சேர்ந்திருக்கு, குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 1992ல சேர்ந்திருக்கு. ரெண்டுமே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குடியுரிமை கிடைக்கணும்னு சொல்லுது. அதுபோக, ஒருத்தனோட "சொந்த நாடு"ங்கறது அவன் பாஸ்போர்ட் வெச்சிருக்கற நாடு மட்டும் இல்ல, அதைவிட விரிஞ்சதுன்னு ஐ.நா. மனித உரிமைக் குழு 1999லயே விளக்கம் கொடுத்திருக்கு. இங்க பிறந்து, இங்க தமிழ் மீடியத்துல படிச்சு, வேற எந்த ஊரையும் கண்ணால பார்க்காத ஒரு இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு சொந்த நாடு எதுன்னு கேட்டா எனக்கு பதில் தெளிவா இருக்கு. அது என் மனசாட்சி சொல்ற பதில், நம்ம கோர்ட் அதே பதிலைச் சொல்லும்னு உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது.

நம்ம அரசியல் சாசனம் கொடுக்கறதை மட்டும் குறைச்சு நினைக்காதீங்க. 14வது பிரிவும் 21வது பிரிவும், அதாவது சட்டத்தின் முன் சமத்துவமும் உயிர் வாழற சுதந்திரமும், இந்த மண்ணுல நிக்கற எல்லாருக்கும் பொருந்தும். 1996ல சக்மா அகதிகள் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதை அழுத்திச் சொல்லி, அருணாச்சலப் பிரதேச அரசாங்கமே அவங்களைக் காப்பாத்தணும்னு உத்தரவு போட்டுச்சு. 19வது பிரிவுல இருக்கற பேச்சு, நடமாட்டம், தொழில், குடியிருப்புச் சுதந்திரங்க குடிமக்களுக்கு மட்டும்தான். உங்க நண்பர் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கறார். அவரை யாரும் அடிக்க முடியாது, சட்டப்படியான நடைமுறை இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது, படிக்கலாம், ஆஸ்பத்திரி போகலாம். ஆனா அரசாங்க வேலை கிடையாது, ஓட்டு கிடையாது, முகாமை விட்டு ராத்திரி வெளிய தங்கணும்னா சொல்லிட்டுத்தான் போகணும்.

இப்போ நட்பு நாடு விஷயம். இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நாடுங்க நட்பா இருந்தா ஜனங்களுக்கு நல்லது நடக்கும்னு நீங்க நம்பறீங்க, ரொம்பப் பேர் நம்பறாங்க. நம்ம சேலத்துக்கே இதுல ஒரு பங்கு இருக்கு. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை 1820கள்ல ஏற்காட்டுல காபிச் செடி போட்டார், அதுக்குக் கொஞ்சம் பின்னாடியே இலங்கையில கண்டி மலையில காபித் தோட்டம் வந்துச்சு, அதுக்கு ஆள் பிடிச்சது எங்கேர்ந்து? சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்துலேர்ந்து. கண்டிச் சீமைக்குப் போனவங்கன்னு நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க இல்லையா, அவங்கதான். நூறு வருஷத்துக்கு மேல அந்த மலையில உழைச்ச ஜனங்களை, சுதந்திரம் கிடைச்ச 1948லயே இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டு நாடில்லாதவங்களா ஆக்கிடுச்சு. அவங்க இந்தியர்னு இலங்கை சொல்லுச்சு, இல்லைன்னு இந்தியா சொல்லுச்சு. 1964 அக்டோபர் 30ம் தேதி நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் போட்டாங்க. 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு. 1974ல இந்திரா காந்தியும் சிறிமாவோவும் உக்காந்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியா, 75 ஆயிரம் 75 ஆயிரம்னு பிரிச்சாங்க.

பாகம் பிரிக்கறப்போ அண்ணன் தம்பி பாத்திரம் பண்டத்தை எண்ணி எடுத்துக்கற மாதிரி மனுஷங்களை எண்ணி எடுத்துக்கிட்டாங்க தம்பி. அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. தொண்டைமான் மாதிரி மலையகத் தலைவருங்க எதிர்த்தாங்க, எடுபடல. அந்த நேரத்துல டில்லிக்கும் கொழும்புக்கும் உறவு நல்லாவே இருந்துச்சு. 1962 சீன யுத்தத்துக்கு அப்புறம் அக்கம்பக்கத்துல ஒரு நட்பு நாடு இந்தியாவுக்குத் தேவையா இருந்துச்சு, அதுக்குக் கொடுத்த விலையில இந்த ஜனங்களும் சேர்ந்து போச்சுங்கறதுதான் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கப் படிக்க நான் வந்த முடிவு. வேற மாதிரி சொல்ற ஆளுங்களும் உண்டு, நாடில்லாம கிடந்தவங்களுக்கு ஏதோ ஒரு நாடாவது கிடைச்சுச்சேன்னு. அதுலயும் நியாயம் இல்லாம இல்ல. ஆனா 1984ல ராமேஸ்வரம்-தலைமன்னார் கப்பல் நின்னதும் இந்தியப் பேப்பர் கையில இருந்தவங்களே அங்க மாட்டிக்கிட்டாங்க. கலவரத்துல தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன மலையகக் குடும்பங்கள்ல நிறையப் பேர் பின்னாடி அகதியா இங்க வந்து சேர்ந்தாங்க. அதனால உங்க நண்பரோட தாத்தா வழி மலையகமா இருந்தா, அவங்க பூர்வீகம் இதே சேலம் ஜில்லாவா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. கேட்டுப் பாருங்க, சட்ட ரீதியாவும் அது முக்கியம்.

அதுக்கப்புறம் நடந்ததும் இதே ரகம்தான், சுருக்கமா சொல்றேன். ஜெனிவாவுல ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில்ல இலங்கை மேல தீர்மானம் வந்தப்போ 2012லயும் 2013லயும் இந்தியா ஆதரிச்சு ஓட்டுப் போட்டுச்சு, 2014ல நடுநிலை, 2021, 2022லயும் நடுநிலை. கொழும்புல சீனா எவ்வளவு நெருங்குது, இங்க கூட்டணியில யார் இருக்காங்கன்னு பார்த்துப் போடற ஓட்டு அது. அதே 2022ல இலங்கை பொருளாதாரம் விழுந்தப்போ இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்துச்சு, தமிழ்நாட்டுலேர்ந்து 40 ஆயிரம் டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பல்ல போச்சு. அது உண்மையான உதவி, சிங்களவர், தமிழர், முஸ்லிம்னு எல்லார் வீட்டு அடுப்புக்கும் போன உதவி, அதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் பெருமையா இருக்கு. அதே மாசங்கள்ல தனுஷ்கோடி மணல் திட்டுல வந்து இறங்கின குடும்பங்களை அகதின்னு பதிவு பண்ணாம வெச்சிருந்தாங்க. ரெண்டும் ஒரே சமயத்துல நடந்துச்சு. நாடுங்களோட நட்புல பொய் இல்ல, ஆனா அது அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல இருக்கறது, முகாம்ல இருக்கற ஒருத்தனுக்கு அதுல கணக்கு கிடையாது. திபெத்தியர்களைப் பாருங்க, சீனாவோட உறவு சரியில்லாத காலத்துல வந்தவங்க, அவங்களுக்கு வெளிநாடு போய்ட்டு வர அடையாளச் சான்றிதழ்னு ஒரு பயணப் பத்திரம் இந்தியா கொடுக்குது. குடிமகன் இல்லாதவங்களுக்கும் பயணப் பத்திரம் கொடுக்கலாம்னு பாஸ்போர்ட் சட்டத்தோட 20வது பிரிவுலயே இருக்கு. இலங்கைத் தமிழருக்கு அதைத் தரக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் தடுக்கல, அதை ஒரு ஏற்பாடா இதுவரைக்கும் பண்ணல, அவ்வளவுதான். அதனாலதான் சொல்றேன், ரெண்டு நாடு நட்பா இருக்குங்கறதை வெச்சு உங்க நண்பருக்கு எதுவும் வந்து சேரும்னு காத்துட்டு இருக்காதீங்க, பகையா ஆனாலும் பறி போகாத மாதிரி சட்டத்துல எழுதின உரிமைதான் அவருக்கு வேணும்.

கோர்ட்டு நிலவரம் ஒரே மாதிரி இல்ல. 1993ல திருச்சியில இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பொண்ணு கேஸ்ல, 2022 அக்டோபர்ல மதுரை கிளை ரொம்பப் பரிவா பேசி, அவங்க விண்ணப்பத்தை மத்திய அரசுக்கு அனுப்பி முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. கவனிங்க, குடியுரிமை கொடுன்னு சொல்லல, முடிவெடுன்னுதான் சொல்லுச்சு. 2025 மே மாசம் இன்னொரு இலங்கைத் தமிழர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பெஞ்ச், எல்லாரையும் தங்க வைக்க இந்தியா தர்மசத்திரம் இல்லைன்னு வாய்மொழியா சொல்லுச்சு. அவர் தண்டனை முடிச்ச ஆள், கேஸ் வேற, இருந்தாலும் முகாமுக்கு முகாம் அந்த வார்த்தை போய் ஜனங்க மனசு ஒடிஞ்சதை நான் பார்த்தேன். 2003ல பிறந்த உங்க நண்பர் கேஸ் போட்டா ஜெயிப்பாரான்னு கேட்டா, அம்மா அப்பா பேப்பரைப் பார்க்காம யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

இன்னொரு வழி இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. அப்பா அம்மா இலங்கைக் குடிமக்கள்னா, சென்னையில இருக்கற இலங்கைத் துணைத் தூதரகத்துல பிறப்பைப் பதிவு பண்ணி அவர் இலங்கைக் குடியுரிமை வாங்கலாம், அப்புறம் இலங்கை பாஸ்போர்ட் வாங்கலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984லேர்ந்து முகாம்கள்ல வேலை பார்க்கறவங்க, இந்தப் பதிவுகள்ல ஆயிரக்கணக்கானவங்களுக்கு உதவியிருக்காங்க. ஆனா அந்த பாஸ்போர்ட்டை வெச்சு இங்க ஐடி கம்பெனியில உக்கார முடியாது, அது ஊர் திரும்பறதுக்கும் வேற நாடு போறதுக்கும்தான் வழி, இந்தியாவை விட்டுப் போகவே தனியா வெளியேறும் அனுமதி வாங்கணும். திரும்பிப் போறதும் லேசு இல்ல. 2025 மே மாசம் ஐ.நா. அகதிகள் அமைப்பு ஏற்பாட்டுல திரும்பிப் போன ஒரு முதியவரையே, அந்தக் காலத்துல முறையில்லாம நாட்டை விட்டுப் போனார்னு பலாலி ஏர்போர்ட்ல பிடிச்சுட்டாங்க, சத்தம் கிளம்பினப்புறம்தான் விட்டாங்க. எந்த நாட்டுக்காரனா வாழணும்ங்கறது உங்க நண்பர் எடுக்க வேண்டிய முடிவு. 1964ல கேக்காம முடிவு பண்ணின மாதிரி, அன்பா இருக்கற நண்பனே ஆனாலும், நாமளும் அவருக்காக முடிவு பண்ணிடக் கூடாது.

இப்போ உங்க மாமா சொன்னது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், 1991ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் இங்க முகாம் ஆளுங்களோட பழகினவங்களை போலீஸ் எப்படித் துருவித் துருவிக் கேட்டுச்சுன்னு பார்த்த தலைமுறை அவர். க்யூ பிரிவு போலீஸ் இன்னிக்கும் முகாம்களைக் கவனிக்குது, வெளி ஆள் உள்ள போறதுக்கு அனுமதி கேப்பாங்க. ஆனா ஒரு முகாம் பையனோட நட்பா இருக்கறதும், அவரோட தாலுகா ஆபீசுக்குப் போறதும், அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கறதும் எந்தச் சட்டத்துலயும் குத்தம் இல்ல. இதுல எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. கவனமா இருக்க வேண்டியது வேற இடத்துல. முகாமுக்குள்ள அனுமதி இல்லாம போட்டோ வீடியோ எடுக்காதீங்க. உங்க வீட்டுல தங்க வெச்சா முகாம்ல முறையா சொல்லிட்டு வரச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, பொய்யா ஒரு பேப்பர்லயும் கையெழுத்துப் போட விடாதீங்க. பள்ளிக்கூட டிசியில நாட்டினம்ங்கற இடத்துல எல்லாருக்கும் எழுதற மாதிரி இந்தியர்னு எழுதியிருப்பாங்க, ஆதாரும் இருக்கும், ஆதார் குடியுரிமைக்கு ஆதாரம் கிடையாது. அதையெல்லாம் வெச்சு பாஸ்போர்ட் எடுத்துத் தர்றேன்னு ஏஜென்ட் வருவான், வாக்காளர் பட்டியல்ல சேர்க்கறேன்னு ஒருத்தன் வருவான். மாட்டினா கிரிமினல் கேஸ் பையன் மேலதான் விழும், அப்புறம் நேரான வழியும் அடைஞ்சுடும். இப்படிப் போய் ஜெயில் பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நீங்க ஒதுங்கிக்கணுமான்னா, வேண்டாம் தம்பி. காரணமும் சொல்றேன். முகாம் ஜனங்கள்ல நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போறவங்க, ஒரு நாள் ஆபீஸ் வாசல்ல நின்னா அன்னிக்குக் கூலி போச்சு. குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மத்த பெரியவங்களுக்கு 1,000, குழந்தைக்கு 500னு 2021ல உயர்த்தின பணக்கொடையை வெச்சு வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடியாது. ஆபீஸ்ல ஒரு தடவை விரட்டினா ரெண்டாவது தடவை போக பயம், பேசினா பதிவு ரத்தாயிடுமோன்னு பயம். நான் பார்த்ததுல நகர்ந்த ஃபைல் பூராவும் கூட ஒருத்தர் போன ஃபைல்தான், அது வாத்தியாரா இருக்கும், கூடப் படிச்சவனா இருக்கும், பக்கத்து ஊர்க் கடைக்காரரா இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அம்மாவோட பிறப்புப் பதிவைத் தேடி ராமநாதபுரம் வரைக்கும் போய்ட்டு வந்தது அந்தப் பொண்ணோட காலேஜ் தோழி. அவளுக்கு சட்டம் ஒண்ணும் தெரியாது, பயம் இல்லாம கவுன்ட்டர்ல நின்னு கேக்கத் தெரிஞ்சுச்சு. பிறப்பாலயே குடியுரிமை இருக்கற நமக்கு அந்த தைரியம் இனாமா வந்திருக்கு, நண்பனுக்காக அதைச் செலவு பண்றதுல என்ன குறைஞ்சுடப் போகுது? ஆனா அவர்கிட்ட கேக்காம எதையும் ஆரம்பிக்காதீங்க. அவர் கதையை ஊரெல்லாம் சொல்லி உதவி திரட்டறது சில சமயம் அவருக்கு அவமானமா இருக்கும், "முகாம் பையன்"னு பேர் நிலைச்சுடும். கிரிக்கெட் ஆடறப்போ எப்படி இருந்தீங்களோ, மெஸ்ல எப்படி இருந்தீங்களோ, அப்படியே இருங்க, அதுக்கு நடுவுல பேப்பர் வேலையும் ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க.

செய்ய வேண்டியதுன்னா, அவருக்கும் அப்பா அம்மாவுக்கும் பிறப்புச் சான்றிதழ், முதன்முதல்ல மண்டபத்துல பதிஞ்ச தேதி இருக்கற அகதி அட்டை, முகாம் மாறின உத்தரவு, தாத்தா பாட்டி பேர்ல இருக்கற பழைய இலங்கைப் பத்திரம், தோட்டத்துப் பேப்பர் எதுவா இருந்தாலும் சரி, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல சேர்த்து காப்பி எடுத்து வையுங்க. பிறப்பு பதிவாகலைன்னா பிறந்த ஊர் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) மூலமா தாமதப் பதிவு பண்ணலாம், அலைச்சல்தான் ஆனா முடியும். அப்புறம் சேலம் கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. 1987ம் வருஷச் சட்டத்தோட 12வது பிரிவு இனக்கலவரத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கும் வருமானம் குறைஞ்சவங்களுக்கும் இலவச வக்கீல் உண்டுன்னு சொல்லுது, அதைச் சொல்லியே கேளுங்க. வேலை விஷயத்துல, பாஸ்போர்ட்டைக் கட்டாயம் ஆக்காத உள்ளூர்க் கம்பெனிங்க இருக்கு, முகாம்லேர்ந்து போய் வேலை பார்க்கற இன்ஜினியருங்க இருக்காங்க. எச்.ஆர். கிட்ட முதல்லயே நிலைமையைச் சொல்லி, பதிவு பண்ணின அகதிங்கறதுக்கான சான்றும் 2025 விலக்கு ஆணையோட காப்பியும் கொடுத்தா சில இடத்துல ஒத்துக்கறாங்க, சில இடத்துல தலையாட்டிட்டு மெயில்ல மாட்டேன்னுடறாங்க. இதுல நிச்சயம்னு எதுவும் சொல்ல முடியல.

இந்த வாரமே அவரோட அம்மாகிட்ட உக்காந்து, அவங்க பிறந்த வருஷம், பிறந்த ஊர், முதல்ல எப்போ இங்க வந்தாங்க, நடுவுல திரும்பிப் போய் வந்தாங்களான்னு கேளுங்க, அப்பாவுக்கும் அதே கேள்வி. பதில் கிடைச்சதும் வருஷத்தையும் ஜில்லாவையும் மட்டும் இங்க எழுதுங்க, பேரு, முகாம் பதிவு நம்பர், போன் நம்பர் எதையும் பொதுவுல போடாதீங்க. அதைப் பார்த்துட்டு எந்த வழியில போகலாம்னு மேற்கொண்டு சொல்றேன்.